டைமண்ட் பட்டனில் யாருடைய எண்ணிக்கை?

(மும்பை தாராவியில் நடந்த ஒரு பொங்கல் பட்டிமன்றம். தலைப்பு: இணைய வீடியோ இந்த அளவுக்கு வளர்ந்தது எடுத்துப் போட்டவர்களாலா, பார்த்தவர்களாலா? 'பார்த்தவர்களால்தான்' என்ற அணிக்காகப் பேசியது.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், காலையில் தெருவில் பொங்கல் வைத்துவிட்டுக் கண்ணில் புகை எரிச்சல் போவதற்குள் இங்கே வந்து இடம்பிடித்திருக்கும் தாராவிச் சொந்தங்களுக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி, "கேமரா பிடிச்சவன் இல்லேன்னா நீங்க எதைப் பார்ப்பீங்க?" என்று கேட்டு நல்ல கைதட்டல் வாங்கினார். கைதட்டியது யார் தம்பி? நாங்கள்தானே!

யூடியூப் பிறந்த கதையைத் தம்பி நடுவிலிருந்து ஆரம்பித்தார். நான் தொடக்கத்துக்குப் போகிறேன். 2005 பிப்ரவரி. சாட் ஹர்லி, ஸ்டீவ் சென், ஜாவேத் கரீம் என்று மூன்று இளைஞர்கள். அவர்கள் முதலில் நினைத்தது ஜோடி தேடித் தரும் தளம். நம்ம தரகர் வேலைதான், வீடியோவில். ஒருத்தரும் வந்து வீடியோ போடவில்லை. போடுகிற பெண்களுக்கு 20 டாலர் தருவோம் என்று விளம்பரம் கொடுத்தார்கள். அப்போதும் வரவில்லை. காசு கொடுத்துக் கூப்பிட்டும் வராதவர்கள்தான் நடுவர் அவர்களே, இந்தத் தளத்தை வளர்த்தார்களாம்!

அதில் முதன்முதலாக ஏறிய வீடியோவைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த ஆண்டு ஏப்ரல் 23. மொத்தமே 19 விநாடி. சான் டியாகோ விலங்குக் காட்சிசாலையில் ஜாவேத் கரீம் நிற்கிறார், பின்னால் யானைகள். தும்பிக்கை ரொம்ப நீளமாக இருக்கிறது என்கிறார். அவ்வளவுதான். நம்ம வீட்டு மூன்று வயசுக் குழந்தை இதைவிட நாலு வார்த்தை கூடச் சொல்லும். ஆனாலும் அதை 30 கோடித் தடவைக்கு மேல் பார்த்துவிட்டார்கள். எடுத்தவருடைய கலைத்திறமைக்காகவா?

அடுத்த ஆண்டே, 2006-இல், கூகுள் யூடியூப்பை 165 கோடி டாலருக்கு வாங்கியது. அப்போது கூகுளிடம் சொந்தமாகவே 'கூகுள் வீடியோ' என்று ஒரு கடை இருந்தது. சர்வர் இருந்தது, என்ஜினியர் இருந்தார்கள், பணத்துக்குக் குறைவே இல்லை. அங்கே இல்லாதது யூடியூப்பில் இருந்த கூட்டம். 165 கோடி டாலரும் அந்தக் கூட்டத்துக்குக் கொடுத்த விலை.

அமெரிக்காவை விடுங்கள், நம்ம ஊருக்கு வருவோம். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்குத் திருநெல்வேலிப் பக்கம்தான் பூர்வீகம். கோயில் கொடைத் திருவிழாவுக்கு லீவு கிடைக்காமல் தவித்தவர்கள் நாம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை தரைக்கு இறங்கிய பிறகு, ஊரில் ஒரு பையன் போனைத் தூக்கிப் பிடித்துக் கொடையை லைவ் விட ஆரம்பித்தான். காலையில் தோல் பட்டறைக்குப் போக வேண்டும், லோக்கல் ரயில் பிடிக்க வேண்டும், இருந்தாலும் சாமக்கொடை முடியும்வரை இங்கே எந்த வீட்டிலும் விளக்கு அணையாது.

அந்த லைவுக்கு வரும் கமெண்டைப் படித்திருக்கிறீர்களா? "ஏ தம்பி, போனை கொஞ்சம் வடக்க திருப்பு, எங்க அத்த நிக்கா." "அந்த முளைப்பாரி யாரு வீட்டுது?" "வில்லுப்பாட்டு சத்தமே கேக்கல, கிட்டக்கப் போடே." நடுவில் ஒருத்தர், "நான் கோயில் வரி கொடுத்தாச்சு, பேரை மைக்ல சொல்லச் சொல்லு!" எங்கே திரும்பணும், யாரைக் காட்டணும், எப்போ கிட்டே போகணும் என்று முடிவு செய்வது யார்? போன் பிடித்தவனா? அவனுக்குக் கை வலிக்கிறது பாவம், அவ்வளவுதான். பல வருஷமாகப் பேசாமல் இருந்த பங்காளிகள் அந்த கமெண்டில் பேசிக்கொள்கிறார்கள். (சொத்துப் பிரச்சினையை அங்கேயே ஆரம்பிக்கிறவர்களும் உண்டு. அதையும் மற்றவர்கள் பார்க்கிறார்கள், வியூஸ் கூடுகிறது.)

இன்னொன்று. போனிலிருந்து யூடியூப்பில் லைவ் போக வேண்டுமென்றால் குறைந்தது 50 சப்ஸ்கிரைபர் வேண்டும். அந்தப் பையனுக்கு அந்த 50 பேர் எங்கிருந்து வந்தார்கள்? இந்த 90 அடி ரோட்டைச் சுற்றியுள்ள சந்துகளிலிருந்து. நாம் அழுத்தாவிட்டால் அவன் கையில் போன் இருந்தும் கொடை வெளியே வராது.

எதிரணித் தலைவர் வில்லேஜ் குக்கிங் சேனலைச் சொன்னார். புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள், 2021-இல் ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தொட்ட முதல் தமிழ் சேனல். எனக்கும் பிடிக்கும், வீட்டில் எல்லாருக்கும் பிடிக்கும். ஐயா, அந்தக் குழம்பின் வாசமாவது நமக்கு வந்ததா? ஒரு வாய் கிடைத்ததா? கிடைக்காது என்று தெரிந்தே ஒரு கோடிப் பேர் பந்தியில் உட்கார்ந்தோமே! ஒரு லட்சம் பேர் சேர்ந்தால் யூடியூப் தரும் விருது சில்வர் பட்டன், பத்து லட்சத்துக்கு கோல்டு, ஒரு கோடிக்கு டைமண்ட். குழம்பின் ருசிக்கு பட்டன் கிடையாது. எண்ணுவது நம் தலைகளை.

காசும் அப்படித்தான். 2018-இல் வைத்த விதிப்படி, விளம்பரப் பணம் வர 1,000 சப்ஸ்கிரைபரும், ஓராண்டில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்ட கணக்கும் வேண்டும். எடுத்தவர் எத்தனை ராத்திரி கண்விழித்து எடிட் செய்தார் என்பதற்கு அதில் கட்டமே இல்லை. இது நியாயம் என்று நான் சொல்லவில்லை. வளர்ப்பது யார் என்பது அந்தக் கம்பெனிக்கே தெரிந்திருக்கிறது என்கிறேன்.

"கமெண்டில் அசிங்கமாகத் திட்டுகிறார்களே, அவர்களும் வளர்த்தவர்களா?" என்று ஒரு சகோதரி கேட்டார். நியாயமான கேள்வி. பெண்கள் முகம் காட்டிப் பேசினால் அங்கே என்னென்ன எழுதுகிறார்கள் என்று எனக்கும் தெரியும், அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் 2019-இல் சிறுவர்கள் வரும் பெரும்பாலான வீடியோக்களுக்கு யூடியூப் கமெண்டையே மூடியது ஏன்? படம் எடுத்தவர் செய்த தப்புக்கா? பார்க்க வந்தவர்களில் சிலர் செய்ததற்கு. பார்ப்பவன் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் என்றால் அவனுக்குப் பயந்து கதவை ஏன் மூட வேண்டும்? நல்லதும் கெட்டதும் அவன் கையில் இருக்கிறது சகோதரி.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்துப் பேச வரும் எதிரணி அண்ணனுக்கு ஒரு கேள்வி வைத்துவிட்டு உட்காருகிறேன். 2020 ஜூன் 29-ஆம் தேதி டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்கு அரசு தடை போட்டது. லட்சக்கணக்கில் ஃபாலோயர் வைத்திருந்தவர்கள் ஒரே ராத்திரியில் சைபருக்கு வந்தார்கள். மறுநாள் காலையில் அவர்களிடம் போன் இருந்தது, ரிங் லைட் இருந்தது, ஆடத் தெரிந்த கால் இருந்தது, நடிக்கத் தெரிந்த முகம் இருந்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூப்பில் ஷார்ட்ஸ் வந்தது. அங்கே போயும் முதல் வேலையாக அவர்கள் என்ன செய்தார்கள்? "பழைய ஃபாலோயர்ஸ் எல்லாரும் இங்க வாங்க, ப்ளீஸ்" என்று கெஞ்சினார்கள். எல்லாம் கையிலேயே இருந்தபோது யாரைத் தேடினார்கள் அண்ணே? அதற்குப் பதில் சொல்லிவிட்டு உங்கள் பேச்சை ஆரம்பியுங்கள். நன்றி, வணக்கம்.