ஸட்ஜம் வீடு மாறும்போது

(கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், இசைப் பட்டப்படிப்புக்கு ஆயத்தமாகும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெற்றோர்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

இசையில் பட்டம் படிக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "இசைத் தேர்வில் எத்தனை கிரேடு முடித்திருக்க வேண்டும்?" என்பதுதான். விரல் வேகம் தேவைதான். ஆனால் முதல் இரண்டு ஆண்டில் பலரைத் திணறடிப்பது வேறு: தாளில் பார்த்ததை வாத்தியம் தொடாமல் பாடுவது, காதில் விழுந்ததைத் தாளில் எழுதுவது. கர்நாடக இசையின் அடிப்படைப் பயிற்சிகளான சரளி, ஜண்டை, அலங்காரம் எல்லாம் மூன்று காலத்திலும் (வேகத்திலும்) பாடிய பிள்ளைகளுக்கு அது பெரிய கைமுதல். அந்தக் கைமுதலே ஓரிடத்தில் காலை வாரிவிடும்.

நம் இசையில் ஸட்ஜம், அதாவது ஆதார சுரமான "ச", அசையாது. மேற்கத்திய இசையில் பாட்டின் நடுவிலேயே அது வீடு மாறும். ஸி மேஜரில், அதாவது சங்கராபரண ராகத்தின் சுரங்களில், ஒரு பயிற்சி போகிறது. ஐந்தாம் பாரில் (தாளக் கட்டத்தில்) எஃப் ஷார்ப், அதாவது எஃப்புக்கு அரைச்சுரம் மேலே உள்ள சுரம், வருகிறது. மாணவர் அதைப் பிரதி மத்திமமாக (உயர்ந்த "ம") எடுத்து, கல்யாணி ராகம் என்றே பாடிக்கொண்டு போகிறார். இரண்டு பார் கழித்து முடிக்கும் இடத்தில் தடுமாறுகிறார். பஞ்சமமான ("ப") ஜி அங்கே புது ஸட்ஜமாகிவிட்டது; அந்த எஃப் ஷார்ப், ஜி என்ற ஸட்ஜத்துக்கு ஏறத் துடிக்கும் காகலி நிஷாதம் (உயர்ந்த "நி"). கல்யாணியின் பஞ்சமத்தில் கிரக பேதம் செய்தால், அதாவது அதையே ஸட்ஜமாக வைத்துப் பாடினால், சங்கராபரணம் வரும் அல்லவா, அதே கணக்கு.

பழகும் வழி இது. எஃப் ஷார்ப்புக்குச் சற்று முன்னால், இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஒரு சுரத்தைப் பிடியுங்கள். ஏ என்றால், "த" என்று பாடி, மூச்சு விடாமல் அதே இடத்தில் "ரி" என்று பெயர் மாற்றுங்கள். தம்புரா செயலியை அணைத்துவிடுங்கள். பழைய ஸட்ஜம் ஒலித்துக்கொண்டிருந்தால் காது நகராது.

இன்னொன்று. தம்புராவோடு வளர்ந்த காதில் அந்தர காந்தாரம் (உயர்ந்த "க"), பியானோவில் இருப்பதைவிடச் சுமார் 14 சென்ட் தாழ்வாக நிற்கும். ஓர் அரைச்சுரம் 100 சென்ட். "இறங்குகிறது" என்று ஆசிரியர் சொன்னால் மனம் உடைய வேண்டாம். பக்கத்தில் ஒலிப்பது எதுவோ, அதற்கேற்பக் காந்தாரத்தை வைக்கப் பழகுங்கள்.

கேட்டு எழுதும் பயிற்சியில் பெரும்பாலோர் முதல் சுரத்திலேயே பென்சிலை எடுக்கிறார்கள். அதை எழுதி முடிப்பதற்குள் மூன்று பார் ஓடிப்போகும். முதல் முறை தாளம் போட்டுக் கேளுங்கள், அவ்வளவுதான். இரண்டாம் முறை லயத்தை மட்டும் கோடுகளாகக் குறியுங்கள். பிறகு முதல் பாரும் கடைசிப் பாரும்; நடுப்பகுதி கடைசியில்.

லயத்தில் நம் பிள்ளைகளுக்குக் கவலையில்லை. அமெரிக்கக் கல்லூரி ஆசிரியர்கள் 1996இல் வெளியிட்ட லயப் பயிற்சி முறைக்குப் பெயரே "தகதிமி". ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அதில் அட்சரம் (தாளத்தின் ஒரு தட்டு) தொடங்கும் இடம் எப்போதும் "த". நம் பழக்கத்தில் ஐந்துக்குத் தகதகிட என்று சொற்கட்டை அட்சரத்தின் மேல் புரளவிட்டால், அட்சரம் தொடங்காத இடத்திலும் "த" விழுந்து குழம்பும்.

கார்டு, அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள், கேட்பதில்தான் நாம் பின்தங்குகிறோம். நம் காது மேலே ஓடும் மெட்டின் பின்னாலேயே போகும். தினமும் 10 நிமிடம், நான்கு குரல் பாட்டு ஒன்றைப் போட்டு, அடிக்குரலை மட்டும் கூடவே பாடுங்கள். கீழ்ச்சுரம் பிடிபட்டு, அதுவே கார்டின் மூலச்சுரமாக இருந்தால், அதை ஸட்ஜமாக வைத்து, மேலே இருப்பது அந்தர காந்தாரமா, சாதாரண காந்தாரமா (தாழ்ந்த "க") என்று பாருங்கள்: முன்னது மேஜர், பின்னது மைனர். கீபோர்டைக் கடைசியில், சரிபார்க்க மட்டும் தொடுங்கள். சுரத்துக்குச் சுரம் தட்டிப் பார்த்தால் வேலை செய்வது விரல், காது அல்ல.