கோடப்பமந்து கால்வாயோரம் பூங்கா போடலாமா?

அடுத்த கேள்வி, ஊட்டி காந்தலிலிருந்து ஒரு நேயர். "அகமதாபாத்தில் சபர்மதிக் கரையில் அழகாக நடைபாதை போட்டிருக்கிறார்களே சார், நம்ம ஊருக்குள் ஓடி ஏரியில் சேருகிற கோடப்பமந்து கால்வாய்க்கும் அப்படிச் செய்யக் கூடாதா? மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு பக்கம் உட்காரவே இடமில்லை" என்று கேட்கிறார்.

செய்யலாங்க, ஆனால் சபர்மதி மாதிரி வேண்டாம். அங்கே இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பி ஆற்றை ஒடுக்கிவிட்டு, அப்புறம் நர்மதா கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்பினார்கள், கரையில் குடியிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களும் வெளியேற வேண்டியதாயிற்று. நம்ம ஊரில் மழை பிடித்தால் சரிவிலிருந்து தண்ணீர் மொத்தமாக இறங்கும். அதைச் சுவருக்குள் அடைத்தால் வேகம்தான் கூடும். 1820களில் ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவன் ஓடையை மறித்து ஊட்டி ஏரியை அமைத்தபோது இன்றைய பஸ் ஸ்டாண்டு, ரேஸ் கோர்ஸ் வரைக்கும் தண்ணீர் நின்றது, அதனால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் பரவ இடம் விட்டே ஆக வேண்டும்.

முதல் வேலை சாக்கடை. வீடு, லாட்ஜ் கழிவுநீர் கால்வாயில் விழுகிற வரைக்கும் எத்தனை கிரானைட் பெஞ்சு போட்டாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு யார் உட்காருவார்கள்? இணைப்பு இல்லாத கட்டடங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துப் பாதாளச் சாக்கடையோடு சேர்க்க வேண்டும். திறப்பு விழாவுக்கு உதவாத வேலை, அதனால்தான் தள்ளிப்போகிறது என்பது என் அபிப்பிராயம்.

தென்கொரியத் தலைநகர் சியோலில் சோங்கியேசோன் ஓடையை மூடியிருந்த சாலையையும் மேம்பாலத்தையும் எடுத்துவிட்டு 2005-இல் 5.8 கிலோமீட்டருக்குத் திறந்துவிட்டார்கள். பம்ப் வைத்துத்தான் அங்கேயும் தண்ணீர் ஓடுகிறது, அது வேறு கதை. எனக்குப் பிடித்தது, ஜனங்கள் தண்ணீர் பக்கத்திலேயே இறங்கி நடக்கலாம், பெருமழை வந்தால் பாதையை மூடிவிடுவார்கள், வெள்ளம் அதன்மேல் போய்க்கொள்ளும். நமக்கு அந்த யோசனை போதும்.

கரையில் வெளிநாட்டுக் கிகுயு புல் விரிக்காதீர்கள், நம்ம சதுப்புப் புல்லை வளர விடுங்கள். நீலகிரிப் பழங்குடிகளான தோடர்கள் கோயில் கூரை வேய்வதே சதுப்பில் விளைகிற புல்லை வைத்துத்தான்.

அப்புறம், வாசல் கேட்டும் டிக்கெட்டும் கூடவே கூடாது. கொடைக்கானல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் எவர் வேண்டுமானாலும் சும்மா நடக்கலாம், இங்கே படகு இல்லத்துக்குள் போகவே காசு. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர் மத்தியானம் கால் நீட்ட முடிந்தால்தான் அது ஊருக்கான இடம். கழிப்பறையை மட்டும் மறந்துவிடாதீர்கள், இல்லாவிட்டால் அதற்கும் கால்வாய்தான். சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.