விடுதலைப் பத்திரம்: கொங்குப் பெண்ணும் பிறந்த வீட்டு நிலமும்

[காட்சி: திருப்பூர்ச் சாலையில் காலை நேரத்துப் பனியன் கம்பெனி வேன்கள்]

வணக்கம். திருப்பூரின் தையல் மேசைகளிலும் செக்கிங் பிரிவுகளிலும், கோவை, ஈரோடு வட்டார நூற்பாலைகளிலும் பெண்கள் உழைப்பது இன்று எவருக்கும் வியப்பளிப்பதில்லை. உள்ளாட்சிப் பதவிகளில் சரிபாதி 2016-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. சம்பளமும் பதவியும் கிடைத்த பிறகும் தோட்டத்துப் பட்டாவில் அவர்கள் பெயர் ஏறத் தயங்குவது ஏன் என்பதை இந்தக் காணொளியில் பார்ப்போம்.

ஈரோட்டில் பிறந்த பெரியாரின் சுயமரியாதை இயக்கம், 1929-இல் செங்கல்பட்டு மாநாட்டில் பெண்களுக்குச் சமச் சொத்துரிமை கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. அது சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின. 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த, இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கான தமிழ்நாட்டுத் திருத்தம், இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளையும் பிறப்பாலேயே பங்காளியாக்கியது; அதற்கு முன்பே மணமானவர்களை விட்டுவிட்டது. அக்குறையை 2005-இல் மத்தியச் சட்டம் களைந்தது. பங்காளி என்றாலே ஆண்வழி உறவென்று பழகிய நம் ஊரில் இது சிறிய மாற்றமன்று.

[காட்சி: சார்பதிவாளர் அலுவலக வாசல்]

ஆனால் சட்டம் தந்த பங்கை, தம் பங்கை விட்டுக்கொடுப்பதாகச் சகோதரிகளிடம் எழுதி வாங்கப்படும் விடுதலைப் பத்திரம் திரும்ப எடுத்துக்கொள்கிறது. “நகை போட்டுச் சீர் செய்து கட்டிக்கொடுத்தாயிற்றே, இனி எதற்குப் பங்கு?” என்பது வழக்கமான பேச்சு. மறுத்தால் பிறந்த வீட்டுப் போக்குவரத்து நின்றுபோகும்; மகளின் தெரட்டிக்கு, அதாவது பூப்பு நன்னீராட்டுக்கு, தாய்மாமன் சீர் வராது, மகனின் காதுகுத்துக்கு உட்காரத் தாய்மாமன் மடி இருக்காது, ஊரார் முன் தலைகுனிவு நேரும். இவ்வளவையும் நினைத்து நடுங்கிக்கொண்டு ஒரு பெண் இடும் கையெழுத்தை மனமொப்பிய விட்டுக்கொடுப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று போட்ட நகை மகளின் படிப்புக்கும் மருத்துவச் செலவுக்கும் அடகுக்குப் போயிருக்கும்; புறவழிச்சாலை வந்த தோட்டமோ சைட்டுகளாகப் பிரிந்து பல மடங்கு விலை ஏறியிருக்கும்.

பதிவான பத்திரத்தை எதிர்க்க உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கினார்கள் என்று மெய்ப்பிக்கும் சுமை பெரும்பாலும் கையெழுத்திட்டவர் மீதே விழும். ஆகவே கையெழுத்துக்கு முன்பே பத்திரத்தை முழுமையாகப் படியுங்கள். சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை எடுத்துப் பாருங்கள். வருமானம் எவ்வளவாயினும், பெண்களுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு.