மடித்தால் நிமிரும்

வணக்கம் நேயர்களே.

உடன்குடிப் பக்கம் பதநீர் குடித்தவர்களுக்கு, பனை ஓலையை மடித்துச் செய்யும் குவளையான ஓலைப்பட்டையைத் தெரிந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் பிளா என்பார்கள். ஒடியல் கூழை, அதாவது காயவைத்த பனங்கிழங்கின் மாவில் காய்ச்சிய கூழை, அதில் ஊற்றிக் குடிப்பார்கள். பச்சை ஓலையை விரித்து, நடுவைக் குழித்து, இரண்டு முனைகளையும் கூட்டிப்பிடித்து ஓர் ஓலைக் கீற்றாலேயே முடிந்துவிடுவார்கள். ஊசி, நூல், பசை எதுவும் வேண்டாம். பனை ஓலையின் இதழ்கள் நுனியில் பிரிந்திருந்தாலும் அடிப்பக்கம் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கும். அந்த ஒட்டு கிழியாமல் மடிப்பதுதான் கைப்பக்குவம். கிழியாதவரை ஒரு சொட்டும் ஒழுகாது.

பனை ஓலை பிறக்கும்போதே மடிப்போடுதான் பிறக்கிறது. குருத்தைப் பாருங்கள், மூடி வைத்த விசிறி மாதிரி இருக்கும். விரிந்த பிறகும் அந்த மடிப்புகள் மறைவதில்லை. அவ்வளவு அகலமான ஓலை காற்றில் துவண்டு தொங்காமல் நிமிர்ந்து நிற்பது அவற்றால்தான்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு வெள்ளைத் தாளை இரண்டு டம்ளர்களுக்கு மேல் பாலம் மாதிரி வையுங்கள். நடுவில் ஒரு சின்னக் காலி டம்ளரை வைத்தால் தாள் தொய்ந்து விழுந்துவிடும். அதே தாளைச் சேலைக்குக் கொசுவம் வைப்பதுபோல, ஒரு விரல் அகலத்துக்கு முன்னும் பின்னுமாக மடித்து, மடிப்புக் கோடுகள் ஒரு டம்ளரிலிருந்து மறு டம்ளருக்கு ஓடும்படி வையுங்கள். இப்போது டம்ளர் நிற்கும்! தாளில் எதையும் நாம் கூட்டவில்லை. மெல்லிசாகப் படுத்திருந்த தாள் கிட்டத்தட்ட ஒரு விரல் அகல உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. இனி அதை வளைக்க அந்த உயரம் முழுவதையும் வளைத்தாக வேண்டும்.

கொசுவம் ஒரு திசையில்தான் சுருங்கும். நீளம், அகலம் இரண்டும் சேர்ந்து சுருங்கினால்? ஜப்பானிய விண்வெளி அறிஞர் கோர்யோ மியூரா 1970-இல் அதற்கு வழி சொன்னார். தாளைச் சதுரங்களாக மடிக்காமல், கோடுகளைக் கொஞ்சம் சாய்த்து இணைகரங்களாக மடித்தார். எதிர் மூலைகள் இரண்டைப் பிடித்து இழுத்தால் தாள் முழுவதும் ஒரே இழுப்பில் விரியும், தள்ளினால் ஒரே தள்ளில் மடங்கும். மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று நேராக விழாததால் மூலைகள் சீக்கிரம் கிழிவதுமில்லை. 1995-இல் ஜப்பான் ஏவிய விண்கலம் ஒன்றில், இப்படி மடித்த சூரியத் தகட்டை விண்வெளியில் விரித்துப் பார்த்தார்கள். எனக்கு இது தீராத வியப்பு.

பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் தாள் மடிக்கச் சொல்லித் தருகிறேன். வந்து உட்கார்ந்ததும் அவர்கள் கேட்பது கத்தரிக்கோலைத்தான். நான் தருவதில்லை. முனையோடு முனையைச் சேர்த்து, நடுவிலிருந்து இருபுறமும் நகத்தால் அழுத்தித் தேய்க்கச் சொல்வேன். முதல் மடிப்பு ஒரு நூலளவு கோணினாலும் பத்தாவது மடிப்பில் அது விரல் அகலத்துக்குத் தெரியும்.

நீங்கள் ஓலையில் முயல்வதாக இருந்தால், காய்ந்ததை அப்படியே மடிக்காதீர்கள். மடித்த இடத்திலேயே பிளந்துவிடும். பச்சை ஓலை கிடைக்காவிட்டால், இரவு தண்ணீரில் ஊறப்போட்டுக் காலையில் எடுங்கள். கைக்கு இணங்கிவரும்.

நன்றி, வணக்கம்.