துருப்பிடித்த சாவி, ஓட்டைக் காலணா: பழம்பொருளில் நகை செய்வது

[காட்சி: மர மேசை. வெள்ளைத் துணிமேல் மூன்று சாவிகள். கேமரா மேலிருந்து.]

மேசையில் மூன்று சாவிகள் இருக்கின்றன. பார்வைக்கு மூன்றுமே பழசு. முதலாவது கைவிரல் நீளத்துக்கு இரும்புச் சாவி, மேலெல்லாம் துரு. இரண்டாவது பித்தளை, தண்டு குழாய் மாதிரி உள்ளே கூடாக இருக்கிறது. மூன்றாவது கைவினைப் பொருள் கடையில் பாக்கெட்டாகக் கிடைப்பது. மேலே ‘வின்டேஜ்’ என்று அச்சடித்திருப்பார்கள்.

அந்த மூன்றாவதை எடுத்து ஓரத்தைப் பாருங்கள்.

[காட்சி: நெருக்கத்தில், ஓரத்தில் ஓடும் மெல்லிய கோடு.]

அச்சில் வார்த்த கோடு தெரிகிறதா? பாக்கெட்டில் உள்ள எல்லாச் சாவிக்கும் ஒரே இடத்தில் ஒரே பள்ளம் இருக்கும். பல் எந்தப் பூட்டுக்குள்ளும் போனதில்லை, அதனால் தேய்மானமே இருக்காது. துத்தநாகக் கலவையில் வார்த்து, மேலே பழுப்பு முலாம் பூசியிருக்கிறார்கள். பிடித்திருந்தால் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய சாவியின் விலையைக் கொடுத்து வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

உண்மையான பழைய சாவியில் பல்லின் ஓரம் மழுங்கியிருக்கும். கைப்பிடி வளையத்தில் கட்டைவிரல் படும் இடம் மட்டும் வழவழப்பாக இருக்கும். பல்லை அரத்தால் அராவிய கீறல்கூடச் சிலவற்றில் தெரியும்.

பழைய சாவிக்கு இந்த உருவம் வந்ததற்குப் பூட்டுதான் காரணம். அந்தக் காலப் பூட்டுக்குள் சின்னச் சின்னத் தகடுகளைத் தடுப்பாக வைத்திருப்பார்கள். அந்தத் தடுப்புகளில் இடிக்காமல் சுற்றி வருவதற்காகத்தான் பல்லில் வெட்டுகள். நீளத் தண்டு, தனியாக நிற்கும் பல், திருகுவதற்குப் பெரிய வளையம் எல்லாம் அப்படி வந்தவை. 1860-களில் அமெரிக்காவின் லைனஸ் யேல் (இளையவர்) தட்டைச் சாவிப் பூட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று நம் வீட்டுக் கதவில் இருப்பது பெரும்பாலும் அந்த வகைதான். தட்டைச் சாவியை மட்டமாக நினைக்க வேண்டாம். எடை குறைவு என்பதால் தோடு செய்வதற்கு எனக்கு அதுதான் முதல் தேர்வு.

சாவியை உடம்பில் அணிவதும் புதுசு இல்லை. ரோமானியர்கள் சின்னப் பெட்டிகளின் சாவியை மோதிரத்தோடு சேர்த்தே வார்த்து விரலில் போட்டுக்கொண்டார்கள். அகழாய்வுகளில் அந்த மோதிரங்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. நம் பக்கத்தில் இடுப்பில் செருகும் வெள்ளிச் சாவிக்கொத்து இருக்கிறது. யார் இடுப்பில் அது தொங்குகிறதோ, அவர் கையில்தான் வீடு.

[காட்சி: கடைத் தெரு. பழைய பூட்டுகள் குவிந்த தட்டு.]

சரி, பழைய சாவி எங்கே கிடைக்கும்? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பூட்டும் சாவியும் கிடைக்கும். விலை கூடுதல்தான், ஆனால் பார்த்துப் பொறுக்கலாம். திண்டுக்கல் கையால் செய்த பூட்டுக்குப் பேர்போன ஊர். 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே மாங்காய்ப் பூட்டு என்று ஒரு வகை உண்டு. வீட்டில் அந்தப் பூட்டு கெட்டுப்போய்க் கிடந்தால் அதன் சாவியை எறிந்துவிடாதீர்கள். மற்றபடி, பக்கத்துத் தெருக் காயலான் கடைதான் மலிவு. எடைக்குத் தருவார்கள்.

ஒரு எச்சரிக்கை. இன்னும் புழக்கத்தில் உள்ள பூட்டின் சாவியை நகையாக்கி, அதை இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள். சாவியின் நல்ல படம் ஒன்று இருந்தால் நகல் வெட்டிவிடலாம். 2008-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள் கிட்டத்தட்ட 200 அடி தூரத்திலிருந்து எடுத்த படத்தை வைத்தே அதைச் செய்து காட்டினார்கள்.

[காட்சி: காந்தம், சின்ன அரம்.]

கையில் கிடைத்ததும் முதல் வேலை, அது என்ன உலோகம் என்று பார்ப்பது. நான் மற்ற எதையும்விட இதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். காந்தம் ஒட்டினால் இரும்பு. மேலே மஞ்சளாக இருந்தாலும் இரும்புதான், முலாம் பூசியிருக்கிறது. ஒட்டவில்லை என்றால், கண்ணில் படாத மூலையில் அரத்தால் ஒரே ஒரு இழுப்பு. உள்ளேயும் மஞ்சளாக இருந்தால் பித்தளை. சாம்பல் நிறம் தெரிந்தால் அநேகமாகத் துத்தநாகக் கலவை. அதைத் தீப்பக்கம் கொண்டுபோகவே கூடாது. துத்தநாகம் 420 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும்.

பித்தளைச் சாவியில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வெட்டவும் அராவவும் எளிதாக இருக்கட்டும் என்று சாவிப் பித்தளையில் கொஞ்சம் ஈயம் சேர்ப்பது வழக்கம். பெரியவர்கள் சட்டைமேல் அணிவது வேறு விஷயம். வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகளுக்கு வேண்டாம். வெள்ளையாகப் பளபளக்கும் சாவியில் நிக்கல் முலாம் இருக்கலாம். அது சிலருக்கு அரிப்பைக் கொடுக்கும். தோலோடு ஒட்டிக் கிடக்கும் பொருளிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரம் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது. காது குத்திய துளையில் போடுவதற்கு வரம்பு 0.2. நாம் வீட்டில் இதை அளக்க முடியாது. அதனால் பழைய சாவி எதையும் காதுத் துளைக்குள் நேரடியாக நுழைக்காமல், கொக்கியை மட்டும் வெள்ளியில் வைத்துவிடுங்கள்.

[காட்சி: கண்ணாடிக் கிண்ணம், வினிகர், பழைய பல் பிரஷ்.]

இனி சுத்தம் செய்வது. இரும்பு என்றால் வினிகரில் ஒரு இரவு ஊற வைத்து, பிரஷ்ஷால் தேய்த்தால் துரு கழன்றுவிடும். எலுமிச்சை உப்புக் கரைசலும் வேலை செய்யும். எடுத்ததும் ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் அலசுங்கள். ஒட்டியிருக்கும் அமிலம் அடங்கிவிடும். பிறகு ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்க வேண்டாம். துடைத்து, ஹேர் டிரையரால் நன்றாகக் காய வைத்து, அந்தச் சூடு இருக்கும்போதே தேன்மெழுகைத் தேயுங்கள். ஈரத்தோடு அப்படியே வைத்துவிட்டால் கண்ணெதிரே மறுபடியும் ஆரஞ்சு நிறம் படரும்.

பித்தளைக்கு நம் வீட்டுப் புளியே போதும். தேய்த்துவிட்டு உடனே கழுவ வேண்டும். அமிலத்தில் மணிக்கணக்காக ஊறவிட்டால் பித்தளையின் துத்தநாகம் கரைந்துபோய், மேலே செம்பு மட்டும் நின்று, சாவி ரோஸ் நிறமாகிவிடும். இரும்பையும் பித்தளையையும் ஒரே கிண்ணத்தில் போடுவதும் கூடாது. கரைந்த செம்பு இரும்பின்மேல் போய்ப் படியும்.

ஆனால் என்னைக் கேட்டால், பித்தளைச் சாவியைப் பளபளவென்று ஆக்குவதே தேவையில்லாத வேலை. பச்சைக் களிம்பை மட்டும் எடுத்துவிட்டு, பள்ளங்களில் உள்ள கருமையை அப்படியே விடுங்கள். மேடான இடங்களை மட்டும் துணியால் தேய்த்தால் வேலைப்பாடு எடுப்பாகத் தெரியும். பாக்கெட் சாவிக்காரர்கள் பழுப்பு முலாம் பூசி வரவழைக்கப் பார்ப்பதும் அந்தக் கருமையைத்தான்.

[காட்சி: நூலில் கட்டித் தொங்கும் சாவி, மெல்ல ஆடி நிற்கிறது.]

அடுத்து, எப்படித் தொங்கவிடுவது? எல்லோரும் கைப்பிடி வளையத்தில் சங்கிலியைக் கோத்துப் பல்லைக் கீழே விடுவார்கள். அதில் தப்பில்லை. படுக்கைவசமாக, கழுத்தெலும்புக்குக் கீழே ஒரு பட்டை மாதிரி கட்டிப் பாருங்கள், அது வேறு நகையாகிவிடும். சிக்கல் என்னவென்றால் கைப்பிடிப் பக்கம் கனம், தலை சாய்ந்துகொண்டே இருக்கும். தண்டில் இரண்டு இடத்தில் நூலைக் கட்டித் தூக்கிப் பாருங்கள். நேராக நிற்கும்வரை முடிச்சை நகர்த்தி, அந்த இரண்டு இடத்தையும் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். கம்பி சுற்றுவதும் துளை போடுவதும் அங்கேதான்.

எடையைச் சமையலறைத் தராசில் பார்த்துவிடலாம். காதுக்கு ஒரு பக்கம் 7 கிராம் என் வரம்பு. அதற்கு மேல் போனால் டாலராக மாற்றிவிடுவேன். குழாய்த் தண்டுச் சாவி பார்வைக்குப் பெரிதாக இருந்தாலும் எடை குறைவு, அந்தக் குழாய்க்குள் நூல் குஞ்சம்கூடச் செருகலாம்.

துளை போடும்போது சாவியைக் கையில் பிடிக்காதீர்கள், இடுக்கியில் இறுக்குங்கள். ஊசிமுனை உளியால் முதலில் ஒரு புள்ளி தட்டினால் டிரில் வழுக்காது. இரும்புக்கு ஒரு சொட்டு எண்ணெய், மெதுவான வேகம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கோக்கும் வளையத்துக்கு 1 மில்லிமீட்டர் கம்பி போதும். அதைத் திறக்கும்போது வெளிப்பக்கம் இழுத்து விரிக்காமல், இரண்டு குறடுகளால் ஒரு முனையை முன்னும் மறு முனையைப் பின்னும் தள்ளுங்கள். அப்போதுதான் வட்டம் வட்டமாகவே மூடும்.

இரும்புத் துளையின் உள்விளிம்பை வட்ட அரத்தால் மழுக்க மறக்க வேண்டாம். கூராக விட்டால் அது வெள்ளி வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். வியர்வை பட்டால் வெள்ளியோடு தொட்டுக்கொண்டிருக்கும் இரும்பு இன்னும் சீக்கிரம் துருப்பிடிக்கும். இரண்டுக்கும் நடுவே மெழுகு போட்ட நூலோ தோல் வாரோ வைத்தால் இரண்டு தொல்லையும் போகும்.

பொடி வைத்து ஊதி, அதாவது தீயில் சூடாக்கி உலோகத்தோடு உலோகத்தை ஒட்டி, பற்றவைக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். பழைய பொருளில் நான் அதைத் தவிர்ப்பேன். மேலே என்ன முலாம், என்ன பெயின்ட் என்று உறுதியாகத் தெரியாத பொருளைச் சூடாக்கினால் அந்தப் புகையை மூச்சில் இழுக்கப்போவது நாம்தான். அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் ஏறக்குறைய 1,800 நகைகள் செய்தவர். பித்தளை, வெள்ளிக் கம்பியைச் சுத்தியலால் தட்டி, வளைத்து, சுருட்டிப் பிணைப்பதுதான் அவர் வழி. உடைந்த கண்ணாடித் துண்டும் பீங்கான் ஓடும்கூட அதில் இடம்பிடித்தன. 1955-இல் அகமதாபாத்தில் சாராபாய் குடும்பத்தின் விருந்தாளியாகத் தங்கி அங்கேயும் வேலை செய்திருக்கிறார். அவ்வளவு பெரிய கலைஞருக்கே கம்பியும் சுத்தியலும் போதுமானதாக இருந்தன!

[காட்சி: ஓட்டைக் காலணா, தட்டச்சு விசைகள், கைக்கடிகார உறுப்புகள்.]

சாவியோடு என்ன சேர்க்கலாம்? என் ஓட்டு ஓட்டைக் காலணாவுக்கு. 1943 முதல் 1947 வரை வெளிவந்த வெண்கலக் காசு, நடுவே பெரிய துளை, எடை 2 கிராம்தான். துளை போடும் வேலையே இல்லை, நூலில் ஒரு முடிச்சு போதும். மற்றக் காசுகளைத் துளைக்காதீர்கள். நாணயங்களை உருக்குவதையும் சிதைப்பதையும் 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டம் தடுக்கிறது. சுற்றிலும் கம்பிச் சட்டம் கட்டித் தொங்கவிட்டால் பழைய காசின் மதிப்பும் குறையாது.

தமிழ்த் தட்டச்சு விசை கிடைத்தால் விடாதீர்கள். ‘ழ’ உள்ள விசை டாலராக அவ்வளவு அழகு. ஒன்று மட்டும்: ஓடுகிற நிலையில் உள்ள இயந்திரத்தை இதற்காகப் பிரிப்பது எனக்குப் பிடிக்காது. பழுதாகி எடைக்குப் போகிறவற்றிலிருந்து எடுத்தாலே தாராளமாகக் கிடைக்கும்.

கடிகாரப் பற்சக்கரங்களில் தொல்லை இல்லை. ஆனால் பழைய கடிகாரத்தின் முள்ளிலோ எண்களிலோ மஞ்சளாக, பழுப்பாகப் பூச்சு இருந்தால் தொடாமல் ஒதுக்குங்கள். அது கதிரியக்கம் உள்ள ரேடியம் பூச்சாக இருக்கலாம். இருட்டில் மின்னவில்லையே என்று நினைக்க வேண்டாம். மின்னுகிற ரசாயனம்தான் கெட்டுப்போயிருக்கும். ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம், 1,600 ஆண்டு. அதைச் சுரண்டினால் வரும் தூள்தான் பெரிய ஆபத்து.

தாத்தா காலத்துப் புலிநகம், யானைத் தந்தம் என்று எதையாவது காட்டி, இதையும் கோத்துத் தரச் சொல்வார்கள். வனவிலங்குச் சட்டத்தின் கீழ் சிக்கல் வரும், வாங்கவே வாங்காதீர்கள்.

[காட்சி: முடிந்த நகை, துணிப்பையில் வைக்கப்படுகிறது.]

விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குளிக்கும்போது கழற்றி வைக்கவும், நனைந்தால் உடனே துடைக்கவும், சில மாதத்துக்கு ஒருமுறை மெழுகு தேய்க்கவும் என்று சின்னச் சீட்டில் எழுதி நகையோடு கொடுத்துவிடுங்கள். தோலில் படும் பின்பக்கத்துக்கு மெல்லிய தோல் துண்டு ஒட்டினால் சட்டையில் கறை ஏறாது, கழுத்திலும் பச்சை படியாது. காலணாவுக்குக் கம்பிச் சட்டம் கட்டுவதை அடுத்த வீடியோவில் தனியாகக் காட்டுகிறேன். அதற்கு 0.8 மில்லிமீட்டர் செம்புக் கம்பி ஒரு மீட்டர் வாங்கி வையுங்கள்.