அம்பது ரூபாய் சட்டம்னு சிரிக்காதீங்க

எல்லாருக்கும் வணக்கம். முன் வரிசையில உக்காந்திருக்கிற ஜூனியர்ஸ் நோட்டைக் கொஞ்சம் திறந்து வச்சுக்குங்க, ரெண்டு மூணு செக்‌ஷன் நம்பர் வரும்.

1960 மிருகவதைத் தடுப்புச் சட்டம்னாலே கோர்ட் காரிடார்ல ஒரு நக்கல் சிரிப்பு வரும், ஏன்னா முதல் தடவை மாட்டினா ஃபைன் 10 ரூபால இருந்து 50 ரூபா, அவ்ளோதான். நம்ம கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி 1953லயே ராஜ்யசபாவுல மசோதா கொண்டுவந்து அதுலேர்ந்து பொறந்த சட்டம் இது, ஃபைன் மட்டும் இன்னும் அப்படியே நிக்குது. ஆனா நான் சொல்ல வந்தது வேற, இந்தச் சட்டத்தோட பலம் ஃபைன்ல இல்ல, மாட்டைக் கைப்பத்துறதுல இருக்கு.

ராத்திரி ஒரு லாரியை நிறுத்துறாங்கன்னு வைங்க. 1978 போக்குவரத்து விதிப்படி ஒரு லாரியில 6 மாட்டுக்கு மேல ஏத்தக்கூடாது. நான் ஒருதடவை டார்ச் அடிச்சு எண்ணினேன், 19. கொம்போட கொம்பைச் சேர்த்துக் கட்டி, அடியில ஒண்ணு விழுந்து கிடக்கு, அது மேல மத்ததுங்க நிக்குது. விழுந்ததை எழுப்ப கண்ணுல மிளகாய்ப்பொடி தேய்க்கற வழக்கம் உண்டு, அதோட கண்ணைப் பாத்தா உங்களுக்கே தெரியும்.

ஸ்டேஷன்ல போனா "சார் இது நான்-காக்னிசபிள் (மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாம போலீஸ் விசாரிக்க முடியாத குற்றம்), எஃப்.ஐ.ஆர். போட முடியாது"ன்னுவாங்க. 31வது பிரிவுப்படி அவங்க சொல்றது பாதி சரி. ஆனா 34ஐ எடுத்துக் காட்டுங்க, கான்ஸ்டபிளுக்கு மேல இருக்கிற யார் வேணா, ஏட்டய்யாவே, மாட்டைக் கைப்பத்தி டாக்டர் கிட்டயோ மாஜிஸ்திரேட் கிட்டயோ கொண்டு போகலாம். விஷம் வச்சோ வெட்டியோ மிருகத்தைக் கொன்னிருந்தா, உறுப்பை ஊனமாக்கியிருந்தா, பி.என்.எஸ்., அதாவது ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா, அதுல 325 இருக்கு, அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில். அப்புறம் 2017 விதிகள், கேஸ் நடக்கிற வரைக்கும் மாடு கோசாலையில, தீவனச் செலவு வைத்தியச் செலவு எல்லாம் லாரி ஓனர், அனுப்பினவர், ஏஜென்ட் எல்லார் தலையிலயும் சேர்ந்து விழும். அம்பது ரூபா ஃபைன் கட்டிட்டுப் போயிடலாம்னு வந்தவனுக்கு 19 மாட்டோட வைக்கோல் பில்லைக் காட்டிப் பாருங்க!

ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும். லாரியை மறிச்சு டிரைவரை அடிக்கிற கும்பலோட நம்ம சேர்ந்து நிக்கக் கூடாது. மாட்டை விக்கிற விவசாயிக்கு வேற வழி இல்ல, டிரைவர் கூலிக்காரன். நம்ம வேலை பேப்பர் வேலை, அதைப் பேப்பர்லயே செய்வோம்.

இப்போ அந்த 19 மாட்டுக் கதை. நான் தோத்த கேஸ் அது. ஸ்டேஷன்ல சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகார் வாங்கினதுக்கான ரசீது மட்டும் குடுத்தாங்க, விசாரணை நடக்குதுன்னாங்க, நானும் புது வக்கீல், ஸ்டேஷன்ல எழுத்து வேலை பாக்குற ரைட்டர் கூப்பிடுவாருன்னு நம்பி உக்காந்திருந்தேன். நாலாவது மாசம் மாஜிஸ்திரேட் முன்னாடி நேரடி கம்ப்ளைன்ட் போட்டா, எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து 36வது பிரிவை மட்டும் வாசிச்சாரு. குற்றம் நடந்த நாள்லேர்ந்து மூணு மாசத்துக்குள்ள வழக்கு போடணும். அஞ்சு நிமிஷம் கூட ஆகல.

அப்போலேர்ந்து டைரியில சம்பவத் தேதிக்குப் பக்கத்துலயே மூணு மாசம் முடியுற தேதியைச் சிவப்பு பேனாவுல எழுதுறேன். நீங்களும் இப்பவே எழுதிக்குங்க, செக்‌ஷன் 36.