ஆனைக்கொம்பனும் ஆறாயிரம் சொற்களும்

(தஞ்சை வட்டாரக் கல்லூரி ஒன்றில் தமிழ்த்துறை மாணவர்களிடையே ஆற்றிய உரை)

பேராசிரியர்களுக்கும் மாணவ மாணவியருக்கும் வணக்கம். உங்கள் மேசையில் கவிழ்த்து வைத்திருக்கும் தாளை இப்போதைக்குத் திருப்ப வேண்டாம். அதற்கு வேளை வரும்.

உள்ளே நுழையும்போது ஒரு மாணவி கேட்டார்: "ஒருவரிடமும் சம்பளத்துக்குப் போகாமல் மொழிபெயர்த்தே பிழைக்க வேண்டுமென்றால் என்ன படிக்க வேண்டும் ஐயா?" படிப்பது இருக்கட்டும், இப்போது என்ன தெரியும் என்றேன். "ஒன்றும் தெரியாது ஐயா" என்றார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலையை விட்ட புதிதில் ஒரு நிறுவனம் 6,000 சொற்கள் கொண்ட ஒப்பந்தப் பத்திரம் ஒன்றைத் தந்தது. இரண்டே நாளில் தருகிறேன் என்றேன். ஐந்து நாள் ஆயிற்று. அவர்கள் திட்டவில்லை, பணமும் தந்தார்கள். மறுபடி அழைக்கவே இல்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்!

அன்று ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். எந்தத் துறை, எத்தனை சொல், எத்தனை நிமிடம், எங்கே முட்டிக்கொண்டு நின்றேன் என்று நாள்தோறும் எழுதினேன். மூன்று மாதம் கழித்துக் கூட்டிப் பார்த்தால், சட்டத்தில் மணிக்கு 150 சொற்களைத் தாண்டவில்லை. வேளாண்மையில் 400.

காரணம் எளிது. அப்பா நெல் விவசாயி. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் என்று ஆங்கிலத்தில் பார்த்ததுமே தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று கை எழுதிவிடும். நெல்லைத் தாக்கும், ஆங்கிலத்தில் 'கால் மிட்ஜ்' என்ற பூச்சியை அகராதியில் தேடினால் ஏதோ கொசு என்று வரும். அது தாக்கிய தூர் வெங்காயத்தாள் போல, உள்ளே குழலாக, வெளுத்து நீளும். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் ஆனைக்கொம்பன். இதையெல்லாம் நான் திறமை என்று எண்ணியதே இல்லை. வீட்டுப் பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன். உங்களில் நெசவாளர் வீட்டுப் பிள்ளை இருப்பார், மருந்துக் கடையில் மாலை வேலை பார்ப்பவர் இருப்பார். அந்தச் சொற்கள் உங்கள் கையிருப்பு.

மொழிபெயர்க்கும் இயந்திரம் வந்துவிட்டதே என்பீர்கள். வந்துவிட்டது. இப்போது எனக்கு வரும் வேலையில் பாதி, அது எழுதியதைத் திருத்துவதுதான். கூலியும் குறைவு. ஆங்கிலத்தில் 'பிளாஸ்ட்' எனப்படும் நெல்லின் குலைநோயை 'நெல் வெடிப்பு' என்று அது எழுதியிருந்ததைத் திருத்தியிருக்கிறேன். வாக்கியம் வழுவழுவென்று இருந்தது. குலைநோய் என்ற சொல்லைக் காதால் கேட்டிராதவர் அதைத் தாண்டிப் போயிருப்பார்.

வளர்த்துக்கொள்ள வேண்டியதில் இலக்கணம் பாதி, கணக்கு பாதி. ஆங்கிலத்தில் 'ஐ வில் நாட் கம்' நான்கு சொல். தமிழில் 'வரமாட்டேன்' ஒரே சொல். "சொல்லுக்கு இவ்வளவு" என்று ஒருவர் விலை பேசினால், மூலச் சொல்லா, பெயர்த்த சொல்லா என்று உடனே கேளுங்கள். தமிழாக்கத்துக்குப் பெயர்த்த சொல்லை எண்ணிக் கூலி வாங்கினால் கணிசமாக இழப்பீர்கள். முதல் ஆண்டு முழுவதும் நான் இழந்தேன்.

அடுத்தது வசூல். கேட்கக் கூச்சப்படுவது நம் ஊர் வியாதி. சிறுதொழில் செய்வோருக்கு அரசு தரும் உத்யம் பதிவு இலவசம். ஆதாரும் பான் அட்டையும் இருந்தால் இணையத்திலேயே முடியும். பதிவு பெற்ற சிறுதொழிலருக்கு, ஒப்பந்தத்தில் அதைவிட நீண்ட கெடு எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் கூட்டு வட்டி. வழக்கெல்லாம் வேண்டாம், விலைச்சீட்டின் அடியில் பதிவு எண்ணை அச்சிட்டாலே பல இடங்களில் கோப்பு நகர்கிறது. வருமான வரியாக 10 சதவீதம் பிடித்திருந்தால் பதறாதீர்கள், கணக்குத் தாக்கல் செய்யும்போது அது உங்கள் வரியில் கழியும்.

இனி அந்தத் தாள். அதில் மூன்று பத்தி இருக்கிறது: வாடகை ஒப்பந்தத்தில் ஒன்று, மாத்திரை அட்டைக் குறிப்பில் ஒன்று, உரப் பையின் பின்பக்கத்தில் ஒன்று. எதை முதலில் எடுப்பது என்பது உங்கள் விருப்பம். ஒவ்வொன்றையும் தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் ஓரத்தில் எழுதுங்கள். கைப்பேசி பைக்குள் போகட்டும். மணி பதினொன்று பத்து. திருப்பலாம்.